ஒரே படகில் இரண்டு மேஸ்திரி

பிப்ரவரி 3, திங்கள்

கேட்டில் புதிதாக ஒரு காவல்காரன். "யாரப் பாக்கணும் பெரியவரே?" என்று கேட்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற அத்தனை மாடியும் என் தொண்டையால் எழும்பியது. "உன் தலைக்கு மேல இருக்கிற பீம் இன்னிக்கு விழுமா நாளைக்கு விழுமான்னு பாக்க வந்தேன்" என்றேன். சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றான். அந்தச் சந்தில் உள்ளே போய்விட்டேன்.

இதையெல்லாம் சொன்னால் வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொள்கிறாள். "எங்கிட்டப் புலம்பாதீங்க, என் காது தேஞ்சு போச்சு" என்று மாப்பிள்ளையிடம் முறையிட்டிருக்கிறாள். அவன் இந்தப் போனில் ஒரு மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தான். அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதி, தேதியும் போட்டு வைத்துக்கொள்ளுமாம். "கொச்சையாப் பேசினா இதுக்கு விளங்காது மாமா. ரேடியோல செய்தி படிக்கிறவர் மாதிரி பேசுங்க" என்றான். எழுத்துத்தான் எனக்குத் தெரியாது. காலையும் மாலையும் செய்தி கேட்டே முற்றிய காது இது. அவர்களை மாதிரி பேச எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுதத் தெரியாதவன் எல்லாவற்றையும் தலையில்தான் வைக்க வேண்டும். எந்தக் கட்டடத்தில் எந்த மூலையில் எவன் தூங்கி விழுந்தான் என்பது வரை எனக்குள் இருக்கிறது. அதனால் ஞாபகத்துக்காக இந்தப் போன் வேண்டாம். பாரத்தை எங்கேயாவது இறக்க வேண்டும், அவ்வளவுதான். எழுதினதை என்னாலும் படிக்க முடியாது. நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 4, செவ்வாய்

மேஸ்திரி வேலையை என் மூத்த மகன் பெரியவனுக்குக் கொடுத்தேன். வாயையுமா கொடுத்தேன்?

பிப்ரவரி 5, புதன்

பெரியவன் இன்று மாடிப்படியில் என்னை மடக்கினான். மற்றவர்கள் கேட்காதபடி மெதுவாகப் பேசினான். அவன் மெதுவாகப் பேசினாலே எனக்குப் பிடிக்காது.

"நான் ஒண்ணு சொல்றேன். எல்லாரும் கேட்டுட்டு, திரும்பி உங்க மூஞ்சியப் பாக்குறாங்க. நீங்க தலையாட்டினாத்தான் கலவச் சட்டி நகருது. அப்புறம் நான் எதுக்கு மேஸ்திரி?"

வேலை நடக்கிற இடத்தில் என்னை அப்பா என்று கூப்பிடக்கூடாது. அது நான் போட்ட சட்டம். மகன், மருமகன், எவனாக இருந்தாலும் கேட்டுக்கு உள்ளே மேஸ்திரிதான். அதனால் அவன் என்னையும் மேஸ்திரி என்கிறான், தன்னையும் மேஸ்திரி என்கிறான். எந்த மேஸ்திரியைச் சொல்கிறான் என்று அவனுக்கே குழப்பம்.

"என் மூஞ்சிய எங்க கழட்டி வச்சிட்டு வரட்டும்?" என்று கேட்டேன்.

"வீட்ல" என்றான்.

பெற்ற பிள்ளை சொல்கிற சொல்லா அது. அடுத்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் எடுத்திருக்கிறான். பெரிய வேலை. அதற்கு நான் வரக்கூடாது என்பதைத்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறான். அந்தக் கட்டடத்துக்கு மட்டும் நான் போகாவிட்டால், காலையில் எழுந்து எந்தப் பக்கம் நடப்பேன்?

பிப்ரவரி 7, வெள்ளி

கடைசித் தளம் முடிந்தது. ஒருத்தருக்கும் அடிபடாமல் முழுக் கட்டடத்தையும் முடித்தோம் என்று கம்பெனிக்காரர்கள் கைதட்டி, எங்கள் கூட்டத்துக்கு ஒரு பரிசு அறிவித்தார்கள். ஆற்றில் படகு விடுவது. வேட்டி துண்டு கொடுத்தாலும் உடுத்தலாம்.

மாப்பிள்ளை விளக்கினான். "ரப்பர் படகு. ஆறு மலைலேருந்து எறங்குற எடம். பாறைல மோதி வெள்ளையா நுரைச்சிட்டு ஓடும். அதுல நாமளே துடுப்பு போட்டுட்டுப் போவணும்."

"எதுக்கு?"

"ஜாலிக்குத்தான் மேஸ்திரி."

"பாறைல மோதுறது ஜாலியா? அதுக்கு எதுக்கு ஆறு? செவுத்துல முட்டிக்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு படகுக்கு ஆறு பேராம். பெரியவன், மாப்பிள்ளை, குண்டூசி, சட்டி தூக்குகிற அக்காள் தங்கை இரண்டு பேர் என்று கணக்குப் போட்டார்கள். குண்டூசி என் கூட்டத்தில் மிகப் பழைய ஆள். பனங்குச்சி மாதிரி உடம்பு, அதன்மேல் சிமெண்ட் மூட்டையை ஏற்றினால் மூட்டைதான் வெட்கப்படும். ஆறாவது ஆள் யார் என்றபோது பெரியவன் அவசரமாகச் சொன்னான், "அவர் கரையில உக்காந்து பாக்கட்டும்."

அக்காள்காரி சும்மா இருக்கவில்லை. "மேஸ்திரி கத்தாம படகு நவருமா?"

மறுபடியும் சிரிப்பு. பெரியவன் முகம் மட்டும் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்கிற மாதிரி கேட்டான், ஆனால் கண் சிரிக்கவில்லை. "சரி, வாங்க. ஆத்துல எறங்கி முழுசா கரையேறுங்க பாக்கலாம். ஏறினா ஸ்கூல் வேலைக்கு நீங்க வர்றத நான் தடுக்க மாட்டேன். முடியலன்னா வீட்ல உக்காரணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றேன்.

நாலு பேர் நடுவில் சொன்ன பேச்சு. அவன் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போய்ட்டு வாங்க. விழுந்தாலும் பயமில்ல. உங்க வாய் தாங்காம மீனுங்களே தூக்கிக் கரையில போட்டுடும்."

கொஞ்ச நேரம் கழித்து, "துண்டு ரெண்டு எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

பிப்ரவரி 12, புதன்

மாப்பிள்ளை போனில் காட்டினான். படகின் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தைக் காற்றுக் குழாயின் இடுக்கில் செருகிக்கொள்ள வேண்டுமாம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மெத்தைக்கு அடியில் காலைச் செருகி, துடைப்பத்தால் துழாவிப் பார்த்தேன். இடுப்பு ஒத்துழைக்கிறது. வலது முட்டிதான் முனகுகிறது.

வீட்டுக்காரி வாசலில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தாளோ. "கரை வந்திருச்சா? தொடப்பத்தக் குடுங்க, பெருக்கணும்" என்றாள்.

பிப்ரவரி 15, சனி

நாளைக்கு. பயம் ஒன்றும் இல்லை. துடைப்பத்தை மட்டும் இன்னொரு தடவை எடுத்துத் துழாவிப் பார்த்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வந்தாச்சு. பேச முடியல. குண்டூசி ஆஸ்பத்திரில இருக்கான். எனக்கு ஒண்ணும் இல்ல. ஒரு கீறல்கூட இல்ல.

பிப்ரவரி 17, திங்கள்

நடந்ததை நடந்தபடி சொல்லி வைக்கிறேன். நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள்.

படகுக்குத் தலைவி ஒரு பெண். குள்ளம். மூக்கின்மேல் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. குரல் மெல்லிசு, ஈரச் சிமெண்ட்டில் கரண்டி இழுத்த மாதிரி. முதலில் என்னைத்தான் பிடித்தாள். "பெரியவரே, உங்க வயசு என்ன? அறுபதுக்கு மேல ஏத்த யோசிப்போம்."

"என் வயச எழுதி வைக்க எங்க அப்பனுக்கும் எழுத்து தெரியாதும்மா" என்றேன்.

சிரித்துவிட்டாள். என் புஜத்தை அமுக்கிப் பார்த்து, ஒரு மூட்டையைத் தூக்கச் சொல்லி, பிறகு சரி என்றாள். மிதக்கிற சட்டையை மாட்டி வாரை இழுத்து இறுக்கினாள். மூச்சு முட்டியது. தலைக்கு ஹெல்மெட். வெளிச்சுவர் பூசும்போது நானும் போடச் சொன்னதில்லை, எவனும் போட்டதில்லை, இங்கே எல்லோரும் போட்டுக்கொண்டு பல் இளிக்கிறார்கள்.

கரையில் நின்று பாடம் நடத்தினாள். முன்னாடி என்றால் முன்னாடி துழாவணும். பின்னாடி என்றால் பின்னாடி. நிறுத்து என்றால் துடுப்பைத் தூக்கிக்கொண்டு சும்மா இருக்கணும். "படகுல ஒரு வாய்தான். அது என் வாய்" என்றாள். தங்கைக்காரி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நானும் கேட்டேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவள் பின்னால் உட்கார்ந்தாள். முன்னால் பெரியவனும் மாப்பிள்ளையும். நடுவில் அக்காள் தங்கை. கடைசியில் நானும் குண்டூசியும், அவன் வலது பக்கம்.

முதல் இறக்கத்துக்குத் தொட்டில் என்று பெயர். தண்ணீர் எங்களைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, முகத்தில் ஒரு அறை விட்டது. வாயைத் திறந்து சிரித்தேன். எத்தனை காலம் ஆயிற்று அப்படிச் சிரித்து. அடுத்த இறக்கத்தில் அக்காள்காரி கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினாள், அதற்கும் சிரித்தேன். குண்டூசி என் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, கலவ மெஷினுக்குள்ள போட்டு சுத்துற மாதிரி இருக்கு!" என்றான். அவன் முகம் குழந்தை மாதிரி இருந்தது. பெரியவன்கூட ஒருமுறை திரும்பி நான் இருக்கிறேனா என்று பார்த்துச் சிரித்தான்.

அதற்குப் பிறகுதான் மாமியார். அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். "மொதல்ல அணைக்கும், அப்புறம் அறையும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் சிரிக்காமல் ஒன்று சொன்னாள். "நடுவுல பெரிய பாறை இருக்கு. அதுக்கு முன்னாடி நான் நிறுத்துன்னு சொல்லுவேன். ஒருத்தரும் துடுப்பு போடக்கூடாது. தண்ணியே நம்மள எடது பக்கம் திருப்பிக் கூட்டிட்டுப் போவும். துழாவினீங்க, நேரா பாறைதான்."

சொன்னாள். கேட்டேன். கேட்கவில்லை என்று நான் எங்கும் சொல்லப்போவதில்லை.

உள்ளே நுழைந்ததும் சத்தம். பக்கத்தில் இருக்கிறவன் வாய் அசைவது தெரிகிறது, வார்த்தை வரவில்லை. தண்ணீர் மேலே இருந்து, கீழே இருந்து, எல்லாப் பக்கமும். பாறை வருகிறது. "நிறுத்து!" என்றாள். கம்பி மாதிரி அந்தக் குரல் சத்தத்துக்குள் நுழைந்து வந்தது.

தளம் போடுகிறவனுக்குத்தான் இது தெரியும். மெஷின் ஓட ஆரம்பித்து முதல் சட்டி விழுந்துவிட்டால், கடைசி மூலை நிரம்புகிற வரை நிறுத்தக்கூடாது. மழையானாலும் சரி, மயக்கமானாலும் சரி. நடுவில் நிறுத்தினால் இறுகிய கலவையும் புதுக் கலவையும் ஒட்டாது. அங்கே விரிசல் விழும், தண்ணீர் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், ஒருநாள் கீழே இருக்கிறவன் தலையில் இறங்கும். என் கூட்டத்தில் நிறுத்து என்று சொன்னவனைக் கரண்டியால் அடிக்கப் போயிருக்கிறேன். ஆள் மாற்றி ஆள் ஏறலாம், சட்டி நிற்கக்கூடாது. அந்தச் சொல் காதில் விழுந்தால் என் வாய் என்னைக் கேட்காது.

"நிறுத்தாதே! போடு! போடு! போடு!"

நான்தான் கத்தினேன். தளத்தில் கத்துகிற அதே கத்தல். ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

துடுப்பு எல்லாம் இறங்கியது. ஒரே சீராக, ஒரே நேரத்தில், பார்க்க அழகாகக்கூட இருந்தது. அக்காள், தங்கை, மாப்பிள்ளை, குண்டூசி. பெரியவனின் துடுப்பும்தான். அவன் எனக்கு முன்னால் இருந்தான், நான் பார்த்தேன்.

படகு பாறையில் ஏறி ஒருக்களித்தது. குண்டூசி பாறைக்கும் படகுக்கும் நடுவில் போனான். அந்தப் பெண் எப்போது எழுந்தாள், எப்போது எங்கள்மேல் பாய்ந்து மேல் பக்கம் தள்ளினாள், எப்போது கயிற்றை எறிந்தாள்... எனக்கு எதுவும் மறக்காது. ஆனால் அந்த இடம் மட்டும் துண்டு துண்டாக இருக்கிறது. அவன் மஞ்சள் ஹெல்மெட் கீழே போய், மேலே வந்து, கீழே போனது. கரையில் இழுத்துப் போட்டபோது தோள் இருக்க வேண்டிய இடத்தில் தோள் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

தோள்பட்டையின் முன் எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது. சட்டி தூக்குகிற தோள். மாதக்கணக்கில் சுமக்கக்கூடாதாம். அதற்குப் பிறகும் பழைய பாரம் தூக்க முடியுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லையாம்.

அந்தப் பெண்ணுக்குக் குரல் போதவில்லை. படகு ஓட்டுகிறவளுக்குத் தொண்டை வேண்டாமா? என் சத்தத்துக்குமேல் கத்தத் தெரியாதவளை எதற்கு அங்கே உட்கார வைத்தார்கள்? இதைச் சொன்னதும் வீட்டுக்காரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பேச்சுப்படி பார்த்தால், நான் ஆற்றில் இறங்கினேன், முழுசாகக் கரையேறினேன். அவன் கேட்டது அதுதானே? பள்ளிக்கூட வேலைக்கு வருகிறேன் என்று பெரியவனிடம் சொல்லியனுப்பினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

குண்டூசி வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. என்னைக் கண்டதும் கட்டிலிலிருந்து எழப் பார்த்தான், வலியில் முகம் கோணியது. "படு, படு" என்றேன். அவன் மனைவி டீ கொண்டுவந்து, என் கையில் தராமல் ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டாள்.

என்ன பேசுவது? அந்தப் பெண்ணைத்தான் பேசினேன். சத்தம் போதவில்லை, நீங்கள் யாரும் கேட்டிருக்க முடியாது, ஆற்றில் அப்படித்தான் ஆகும் என்று.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கேட்டுச்சு மேஸ்திரி" என்றான்.

"என்ன கேட்டுச்சு?"

"அது நிறுத்துன்னு சொன்னது. நல்லாவே கேட்டுச்சு. பாறையும் தெரிஞ்சுது. என் பக்கந்தானே வந்துச்சு."

"அப்ப ஏன்டா துழாவின?"

நான் ஏதோ வேடிக்கையாகக் கேட்டதுபோல என்னைப் பார்த்தான். "நீங்க போடுன்னீங்களே."

கோபம் இல்லை, குத்தல் இல்லை. மழை பெய்தது, நனைந்தேன் என்கிற மாதிரி சொன்னான். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அவன் மனைவி கதவோரம் நகரவே இல்லை, ஒருக்களித்துத்தான் வெளியே வந்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

பாறைய அவன் பாத்திருக்கான்.

பிப்ரவரி 24, திங்கள்

பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். ஏன் போகக்கூடாது? பேச்சு பேச்சுதானே. தரையில் கோடு போட்டு, கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கோடு கோணலாக இருப்பது எனக்கு ரோட்டிலிருந்தே தெரிந்தது. வாயைத் திறக்கப் போனேன். பெரியவன் வேகமாக வந்தான். எல்லோரும் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"நான் முழுசாத்தானே வந்தேன்" என்றேன்.

"அப்பா, வீட்டுக்குப் போங்க."

அப்பான்னு கூப்பிட்டான். கேட்டுக்கு உள்ள. அத்தன பேரு முன்னால. என் சட்டத்த என் மூஞ்சிக்கு நேரா ஒடச்சான். நான் அசையாம நின்னேன். அவன் கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னான். "குண்டூசி போட்டான், மாப்ள போட்டாரு, அத விடுங்க. நானும் போட்டேம்ப்பா. நிறுத்தணும்னு தெரியும். தெரிஞ்சே என் கை போட்டுச்சு. இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் எப்பிடி ஆள் மேய்க்கிறது? போங்கப்பா."

கன்னத்துல அறஞ்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அழுவுற மாதிரி இருந்துச்சு அவன் கொரல். திரும்பி நடந்தேன். கேட் வரைக்கும் முதுகுல எல்லார் கண்ணும் ஊருது.

கோடு இன்னும் கோணலாத்தான் இருக்கு. சொல்லாம வந்துட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கோட்டை அவர்களே பார்த்துத் திருத்திவிட்டார்களாம். மாப்பிள்ளை சொன்னான். யார் கேட்டது இவனை?

மார்ச் 1, சனி

வீட்டுக்காரியிடம் சண்டை. உப்புக்கு ஆரம்பித்தது. முடிகிறபோது, "என்னையா எல்லாரும் குத்தவாளி ஆக்குறீங்க? இத்தன வருஷமா என் பேச்சக் கேட்டுத்தானே எல்லாம் உருப்பட்டுச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேட்டேன்னு யாரு சொன்னது? நீங்க கத்துவீங்க, நான் ம்ம் கொட்டுவேன். அப்புறம் எனக்குத் தோணினதச் செய்வேன். உங்க பேச்ச நானும் கேட்டிருந்தா இந்த வீட்ல ஒரு எலும்பு மிஞ்சியிருக்காது."

"ஒரு நாளும் சொன்னதில்லையே."

"சொன்னா கேக்குற ஆளா?"

ஒரு ஆயுசு முழுக்க ஏமாற்றியிருக்கிறாள். யோசித்துப் பார்க்கிறேன். வீட்டில் எல்லாம் நான் சொன்னபடிதான் நடந்தது என்று நினைத்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறேன். பெரியவனுக்குப் பார்த்த பெண், மகள் படிப்பு, இந்த வீடு. ஒன்றுகூட நான் முதலில் சொன்னபடி இல்லை.

மார்ச் 6, வியாழன்

காலையில் கிளம்பினேன். தெருமுனையில் நின்றேன். வலது பக்கம் பழைய கட்டடம், இடது பக்கம் பள்ளிக்கூடம். இரண்டு பக்கமும் எனக்கு வேலை இல்லை. பால் வாங்க வந்த மாதிரி பால் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் ஏற்கெனவே பால் இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மாப்பிள்ளை ஒரு சேதி கொண்டுவந்தான். குண்டூசி எப்படி இருக்கிறான் என்று படகுக்காரப் பெண் போன் செய்து கேட்டாளாம். அவளை இந்தப் பருவம் முழுக்கப் படகில் ஏற்றவில்லையாம். கரையில் உட்கார்ந்து மிதக்கிற சட்டை அலசிக் காயப்போடுகிறாளாம். அறுபது தாண்டியவர்களை இனிமேல் ஏற்றவே கூடாது என்று அங்கே புதுச் சட்டமும் போட்டிருக்கிறார்களாம்.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

மாப்பிள்ளை தயங்கினான். "உங்களத் திட்டல மாமா. அந்தப் பெரியவர் கத்தினப்ப என் துடுப்பும் ஒரு தடவ எறங்கப் போச்சுன்னு சொல்லிச்சு. சொல்லிட்டு சிரிச்சுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பின் தெரியாத பெண், அவள் ஆறு, அவள் படகு. அவளுக்குமா? இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு நான் இத்தனை காலம் என்னவெல்லாம் செய்திருக்கிறேன்? யார் யார் பாறையைப் பார்த்துக்கொண்டே துழாவினார்கள்? ஒருத்தனும் வாயைத் திறந்து சொல்லவில்லையே. பாவிகளா, ஒருத்தனாவது சொல்லியிருக்கலாமே.

மார்ச் 12, புதன்

சொல்லியிருந்தால் கரண்டியால் அடித்திருப்பேன்.

மார்ச் 20, வியாழன்

பள்ளிக்கூடத்துக்கு இன்று முதல் தளம். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நேற்றே ஜல்லி லாரி எங்கள் தெரு வழியாகப் போனது, எனக்கா தெரியாது.

கேட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கத்து டீக்கடையில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். ரோடு பொது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டி கை மாறிப் போனது. பெரியவன் மேலே நின்று கத்தினான். சரியில்லை. தொண்டையிலிருந்து கத்துகிறான், வயிற்றிலிருந்து வர வேண்டும். மதியத்துக்குள் தொண்டை கட்டிக்கொள்ளும். குண்டூசிக்கு ஒரு ஸ்டூல் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான். கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. எந்தச் சட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்கிற வேலை. அதைக் கொடுத்திருக்கிறான். நல்லதுதான் செய்திருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை.

குண்டூசிதான் முதலில் என்னைப் பார்த்தான். எழுந்து நின்றுவிட்டான். அவன் எழுந்ததைப் பார்த்து அக்காள்காரி திரும்பினாள். சட்டி அவள் கையில் நின்றது. அவளுக்கு மேலே இருந்தவன் வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு மேலே இருந்தவன் அவனைப் பார்த்தான், பிறகு ரோட்டைப் பார்த்தான். இப்படியே மேல் வரைக்கும் போயிற்று. மெஷின் சுற்றுகிறது, கலவை காத்திருக்கிறது, அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பெரியவனும் பார்த்தான். மேலே அந்தரத்தில், கையைத் தொங்கவிட்டு நின்றான்.

ஒரே ஒரு வார்த்தை போதும். ஏன், தலையை அசைத்தாலே போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

டீக் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து கடைக்குப் பின்பக்கம் போனேன். அங்கே காலிப் பெட்டிகளும் ஒரு கரி மூட்டையும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றேன். முட்டி வலித்தது. டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்து, "என்னங்க, ஒண்ணுக்கா? அந்தப் பக்கம் போங்க" என்றான். வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெரியவன் கத்தினான். குரல் உடைந்தது, மறுபடியும் கத்தினான். அப்புறம் சட்டிகள் மோதுகிற சத்தம், முதலில் தாறுமாறாக, பிறகு ஒரு சீராக.

சுவரோரமாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். குண்டூசி உட்கார்ந்துவிட்டான். ஒருத்தரும் என்னைத் தேடவில்லை.